இருடா, வந்துடுறேன்

பிஸ்கட்டை மூக்குக்கு நேராக நீட்டியும் அவன் முகத்தைத் திருப்பவில்லை.

தகரக் கேட்டுக்கு உள்ளே, சிமென்ட் தரையில், முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றிக் காது விறைக்க உட்கார்ந்திருந்தான். காலையில் எஜமானர் விட்டுப் போன அதே இடம்.

"ஆபீசர் இன்னிக்குத் தேற மாட்டார்க்கா," என்றாள் தங்கை. பட்டப்பெயர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைக்குப் போகிறவர்களின் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இந்த டே கேரை இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ முதல் நாள்களைப் பார்த்தாயிற்று. ஊளையிடும் நாய், கேட்டைப் பிறாண்டும் நாய், கோபத்தில் செருப்பைக் கடித்துக் குதறும் நாய். எல்லாம் கொஞ்ச நேரம்தான். விளையாட ஒரு துணை கிடைத்துவிட்டால் வீட்டு ஞாபகமே வராது.

இவன் எந்த ரகத்திலும் சேரவில்லை. அழவும் இல்லை, அசையவும் இல்லை.

கேட்க வேண்டியதையெல்லாம் அக்கா காலையிலேயே கேட்டிருந்தாள். தடுப்பூசி போட்டாயிற்றா, எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, மற்ற நாய்களோடு சண்டைக்குப் போவானா. நரைமுடியை ஒட்ட வெட்டியிருந்த அந்தப் பெரியவர், "சொன்னா கேப்பான்மா" என்று ஒரே பதிலில் முடித்துக்கொண்டார். டியூட்டி இருக்கிறது என்று அவசரப்பட்டார். கிளம்பும்போது குனிந்து நாயின் தலையைத் தடவி என்னவோ முணுமுணுத்தார்.

ரவுடி வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை நாய், பெயர் மட்டும் ரவுடி. அவன் காதைக் கவ்வி இழுத்தது. வாலில் தொங்கியது. முதுகில் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது.

அவன் கண் மட்டும் ஒரு கணம் ரவுடியின் பின்னால் போனது. வால் நுனி துடித்தது. உடனே அடங்கிவிட்டது.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். ஆசை இருக்கிறது. பிறகு ஏன்?

வெயில் ஏறிக் கேட்டடிக்கு வந்துவிட்டது. அவனுக்கு இரைத்தது. வாயருகே வைத்த தண்ணீரைத் தொடவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். பாறாங்கல்லை இழுத்த மாதிரி இருந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு குடையை விரித்து அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இனி தாங்காது. டியூட்டியில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதா என்ற தயக்கத்தை உதறிவிட்டுப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், காலைல போறப்ப அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லப் போறேன்... இருடா, வந்துடுறேன்னு..."

பேச்சு அப்படியே நின்றது.

"ஐயையோ, இருன்னு சொல்லிட்டேனே! அவன் போலீஸ் மோப்ப நாய்மா. நான் இருன்னா இருப்பான், நான் போன்னாத்தான் போவான். போனை அவன் காதுகிட்ட வைங்க, சீக்கிரம்!"

வாசலைத் தாண்டும்போது யாரும் யாரிடமும் சொல்கிற வார்த்தை. அவளே அன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். இவன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, வெயிலையும் தாகத்தையும் ரவுடியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"போதும்டா தங்கம். போ!"

காதுகள் திரும்பின. எழுந்தான். உடம்பை ஒருமுறை உதறினான். தண்ணீரைச் சளப் சளப்பென்று நக்கிக் கிண்ணத்தைக் காலி செய்தான்.

பிறகு பாய்ந்தான் பாருங்கள்! குடை ஒரு பக்கம் பறந்தது, அக்கா ஒரு பக்கம் சுவரில் சாய்ந்தாள். ரவுடி அலறியடித்து ஓட, அவன் துரத்த, அடுத்த நிமிடம் ரவுடி துரத்த அவன் ஓடினான். மற்ற நாய்களெல்லாம் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடின. குளிப்பாட்டும் தொட்டிக்குள் குதித்து, வெளியே வந்து, மண்ணில் புரண்டு, மறுபடியும் ஓட்டம். தங்கை கைதட்டிக் கூவினாள். அக்கா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஓடுறான் சார்! உங்க பையன் என்னமா ஓடுறான்!"

"ஓடுறானா? நெஜமாவா? வால் ஆடுதா?"

"ஆடுதா? கழண்டு விழுந்துடும் போல இருக்கு சார்!"

அப்போதுதான் கவனித்தாள். ரவுடியின் கீச்சுக் குரைப்பு முற்றத்தில் ஒருமுறை கேட்டது. போனுக்குள் இன்னொருமுறை கேட்டது.

கேட்டைத் திறந்தாள்.

எதிரே பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சின் மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார் பெரியவர். காதில் போன். அவளைக் கண்டதும் திருடன் மாதிரி இறங்கினார்.

"டியூட்டின்னு சொன்னீங்களே சார்?"

அவர் தெருவைக் கடந்து கேட்டுக்குள் வந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அது நேத்தோட முடிஞ்சிடுச்சும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ரிட்டையர்மென்ட். இவனாவது நாலு பேரோட பழகட்டும்னு கொண்டுவந்து விட்டேன். எனக்கு எங்க போறதுன்னு தெரியல."

அதற்குள் அவன் பார்த்துவிட்டான். முழு ஓட்டத்தில் வந்து, ஈரமும் மண்ணுமாக அவர் நெஞ்சில் மோதினான். அவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். மடியில் ரவுடி ஏறியது. பின்னாலேயே மற்றவையும் வந்து முகத்தை நக்கின. மூக்குக்கண்ணாடி எங்கோ போயிற்று. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தங்கை கை கொடுத்தாள்.

எழுந்திருக்க அவர் அவசரப்படவில்லை.