சுருட்டை முடிக்காரன்

அடெமிர் தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். மடித்துக் கொடுத்தது அவனுடைய அக்கா ஜுலெய்தே.

தம்பி குடும்பத்தைப் பிரிக்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லையாம். அவன் மானத்தோடு அவள் வீட்டில் வந்து இருந்தால் போதுமாம்.

விஷயம் இதுதான். அடெமிரின் மனைவி இரெனீசி காதல் நாவல் எழுதுகிறவள். அவள் புத்தகம் ஒன்று கையில் இல்லாமல் காருவாரு ஊரில் பெண்கள் பஸ் ஏறுவதில்லை. எல்லாக் கதையிலும் கதாநாயகன் ஒரே ஆள்தான், பெயர் மட்டும் மாறும். சுருட்டை முடி, மூக்குக்கு மேல் கோபம். பக்கத்துக்குப் பக்கம் காதலியின் கூந்தலைக் கோதிவிடுவான். கஃபுனே என்று அதற்கு அந்த ஊரில் தனிச்சொல்லே உண்டு.

அடெமிர் சந்தையில் மரவள்ளி மாவு அடை சுடுகிறவன். தலை சுத்த வழுக்கை. யார் திட்டினாலும் பரவாயில்லை என்று நகர்ந்துவிடுவான். புத்தகம் பிரித்தால் தூக்கம் வந்துவிடும் அவனுக்கு. மனைவியின் கதைகளை எல்லாம் அக்கா படித்துவிட்டு வந்து சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் ரேடியோ பேட்டியில் இரெனீசி வாயை விட்டிருந்தாள். கதாநாயகன் கற்பனை இல்லையாம், தினமும் அவள் பார்க்கிற ஆளாம்.

சந்தையிலிருந்து சோளக்கதிர்களோடு உள்ளே வந்த இரெனீசி, பையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"தினமும் பார்க்கிற சுருட்டை முடிக்காரன் யாரு? மருந்துக்கடை எடில்சன்தானே?" என்றாள் ஜுலெய்தே.

இரெனீசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சுருள் சுருளாக முடி தோளில் விழுந்தது.

"தினமும் கண்ணாடியில பார்க்கிறேன் அண்ணி."

அடெமிர் விழித்தான். "அப்ப கதாநாயகி?"

இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவள், டிவி தொடர் பார்த்து மூக்கைச் சிந்துகிறவள், மற்றவர் வீடு திரும்பும் வரை சாப்பிடாமல் காத்திருக்கிறவள் இந்த வீட்டில் வேறு யார் என்று அவனைப் பார்த்துக் கேட்டாள் இரெனீசி.

அடெமிர் தலையைத் தடவிக்கொண்டான். "இதுல கோதறதுக்கு என்ன இருக்கு?"

"அந்தக் கூந்தல் ஒண்ணுதான் கற்பனை."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

"வெடுக்கு வெடுக்குன்னு உன்னைப் பேசிடறேன். நேர்ல மன்னிப்பு கேக்க வாய் வரல. அதான் எல்லாக் கதையிலயும் கடைசி அத்தியாயத்துல அவனை அவ கால்ல விழவச்சு கேக்கறேன். இத்தனை புத்தகம் வந்தாச்சு, நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. மன்னிக்கவே மாட்டேன்னு இருக்கியோன்னு நினைச்சுக்கிட்டேன்."

அடெமிர் மெதுவாகத் திரும்பினான்.

"அக்கா, எல்லாக் கதையும் சொன்ன. கடைசி அத்தியாயத்தை மட்டும் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"