கழுவாத விதைகள்

டிராகன் பழக்கொடியை விதை போட்டே வளர்த்துவிடுகிற கைகாரர் இன்னாசிமுத்து. சதை போகக் கழுவாத விதையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று நர்சரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் வீட்டு ஜன்னலிலேயே, விதை போட்டு மூடி வைத்த காலி பிரியாணி டப்பாவுக்குள் வெள்ளைப் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்திருந்தது.

"கழுவித்தானே போட்ட?" என்றார் மனைவியிடம்.

"இல்லங்க," என்றாள் ரெஜினா. "ஆஸ்பத்திரியில நம்ம பாப்பா கடைசியா ஒரு கடி கடிச்சிட்டு வெச்ச பழம். கழுவ மனசு வரல."

அவர் மூடியைத் திறந்தார். பூஞ்சைக்கு நடுவே ஒரே ஒரு நாற்று, இரண்டு இலை விட்டு, மயிரிழை போன்ற முதல் முள்ளோடு நின்றது. தண்ணீரில் அலசிப் புது மணலில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். விட்டால் நாளைக்கு இருக்காது. இடுக்கியால் பதமாக எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனார். வேரில் அந்தப் பழத்தின் சதைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. குழாயைத் திறந்தார்.

வாளி நிரம்பி, தண்ணீர் முற்றமெல்லாம் ஓடிய பிறகு, ரெஜினாதான் வந்து குழாயை மூடினாள். அவர் கையிலிருந்த நாற்று நனையவே இல்லை.