தொட்டில் மணிகள்

படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் செவ்வந்தியிடம் சொன்ன அன்று, பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பரிதி நாலு வரி எழுதினான். அதைக் கணினியில் பூஜ்ஜியமும் ஒன்றுமாக மாற்றி மனைவியிடம் கொடுத்தான். பூஜ்ஜியத்துக்கு வெள்ளை மணி, ஒன்றுக்குக் கறுப்பு. மாதக்கணக்கில் படுத்தபடியே அவள் கோத்து முடித்தாள்.

தொட்டிலில் கட்டும்முன், மணிகளை மறுபடி எழுத்தாக்கிப் படிக்கச் சொன்னாள். திரை நிறையக் கேள்விக்குறிகள். அவன் எழுதிய நிரலுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் கேள்விக்குறியாக்கிய பிறகே எண்ணாக மாற்றியிருக்கிறது. எழுதியதை அவன் சேமித்து வைக்கவில்லை. நினைவிலும் இல்லை.

“ரெண்டு வெள்ளை, ஆறு கறுப்பு, அதுவே திரும்பத் திரும்ப வந்துச்சு. உங்கப்பா சொன்னதையேதான் சொல்லுவாரு போலன்னு பாப்பாகிட்ட சிரிச்சேன். படிங்க.”

ஊசி குத்தித் தடித்த அவள் விரல்களைப் பார்க்காமல், பரிதி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “மெதுவா வா, அவசரமில்ல. அம்மாவும் நானும் இங்கதான் இருக்கோம்,” என்று அப்போது தோன்றியதைப் படித்தான்.

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள்.

“அசையுது பாருங்க. இன்னொரு தடவை படிங்க, ஒரு வார்த்தை விடாம.”