பாதைக்கு ஒரு கையெழுத்து

ஜப்பான் குண்டுக்குப் பயந்து 1942-இல் ரங்கூன் தமிழர்கள் இந்தியாவுக்கு நடந்த மலைப்பாதையை, தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கும்படி பர்மா அரசைக் கோரும் மனு 1999-இல் ரங்கூன் தமிழர் சங்கத்தில் தயாரானது. ரங்கூனை அடுத்த இன்சீனில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மாசிலாமணி மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

சங்கச் செயலாளர் தனபாலனுக்குக் கோபம். “அரசாங்கத்துக்குப் பயமாய்யா?”

“இல்ல தம்பி. சின்னம்னு அறிவிச்சா என்ன செய்வாங்க?”

“பாதையை அகலப்படுத்தித் தார் போடுவாங்க. பஸ்லயே போய்ப் பாக்கலாம்.”

“அதான் வேணாங்கறேன். ஒன்பது வயசுல நானும் நடந்தேன்; சண்டை முடிஞ்சுதான் இங்க திரும்பி வந்தேன். வழியில காலராவுல போன எங்கம்மாவை அந்தப் பாதையோரத்துலதான் புதைச்சோம்.”

தனபாலன் பேனாவை எடுத்து, ‘பாதையின் இருபுறமும் மண்ணைத் தோண்டக் கூடாது’ என்று மனுவில் ஒரு வரி சேர்த்தார்.

மாசிலாமணி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.