புகார் போன்

நாட்டுக்கே ஒரே டிவி சேனலாக இருந்த காலத்தில், அதன் புகார் பிரிவு குமாஸ்தா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போனை எடுப்பார். ஆபீஸில் அவருக்குப் பெயரே பஞ்சு. இரண்டாவது சேனல் லைசென்ஸ் வாங்கி ஒளிபரப்பு ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இந்த வாரம் முழுக்க அந்தப் போன் வாயே திறக்கவில்லை.

"ஒரு புகார்கூட இல்லையா?" மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "போட்டின்னு வந்ததும் நாம எப்படித் திருந்திட்டோம் பாத்தீங்களா! மேலிடத்துக்கு இன்னிக்கே எழுதிடறேன்."

பஞ்சுவும் பூரித்துப்போய், டப்பாவோடு பஞ்சைக் குப்பையில் போட்டார்.

இன்ஜினீயர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மன்னிச்சுக்குங்க சார். நேத்து சாயங்காலம் வயர் கழண்டு, ஒரு மணி நேரம் நம்ம டிவியில படமே வரலை. ஜனங்க போன்ல கிழிகிழின்னு கிழிச்சிருப்பாங்களே?"

"நேத்தா? நான் பாக்கலையே..." என்று வாய்தவறிச் சொன்ன மேனேஜர், பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு போனைப் பார்த்தார்.

போன் அடித்தது!

பஞ்சு பாய்ந்து எடுத்தார். "சொல்லுங்க! படம் வரலையா?"

பதிலைக் கேட்டுத் தலையாட்டினார். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லாத் திட்டச் சொல்லுங்க பஞ்சு!"

பஞ்சு ரிசீவரைப் பொத்திக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி சார். அந்தப் புது சேனல்ல படம் வரலையாம். அவங்களோட புகார் நம்பர் கேக்கறா."