வெள்ளி ரூபாயில் ஒரு ரேகை

திருத்தணியில், மலையைப் பார்த்த மாடி வீட்டில், காலை பத்து மணி வெளிச்சம் ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைத்தாளின் மேல் விழுகிறது. தாளின் நடுவில் பழைய வெள்ளி ரூபாய் ஒன்று. சபீராவுக்கு நிக்காஹ் அன்று அவள் தாய் கொடுத்தது. பழுப்புக் காகிதத்தில் மடித்து, முப்பது வருஷம் யாரையும் தொட விடாமல் பெட்டியில் வைத்திருந்தாள். சபீரா இறந்து மூன்று மாதமாகிறது. விற்றுவிடலாம் என்று அவள் கணவர் தஸ்தகீர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். செல்போனை நேராகப் பிடித்தால் காசில் அவர் நிழல்தான் விழுகிறது. சற்றே சாய்க்கிறார். காசின் விளிம்பில் நீலம், உள்ளே போகப் போக ஊதா, நடுவில் வெளிறிய பொன்னிறம். கீழே பள்ளிப்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. படத்தை அனுப்பிய சற்று நேரத்தில், அரக்கோணத்தில் பழைய காசு சேகரிக்கும் உபைத் போனில் கூப்பிடுகிறான்.

"மருந்து போட்ட கலர் இல்லண்ணே, காயிதத்துல இருந்து தானா ஏறினது. எழுத்து ஓரத்துல கூட சீரா எறங்கிகினு வருது பாருங்க. ஆனா ராஜா தலைக்குப் பக்கத்துல ஒரு கைரேகை இருக்குது. அதான் கொறை. நீங்க தொட்டீங்களா?"

"இல்லப்பா. ஓரத்தைத்தான் புடிச்சேன்."

"ஆங், இது பழைய ரேகை. வெள்ளியிலயே ஊறிப்போச்சு. யாருது?"

தஸ்தகீர் காசை வெளிச்சத்துக்கு ஏந்துகிறார். ஊதா நிறத்துக்குள் மெல்லிய வளைகோடுகள், அவர் கட்டைவிரலில் பாதி அகலம்தான். போன் "அண்ணே, அண்ணே" என்கிறது.

"இது விக்கிறதுக்கு இல்லப்பா" என்கிறார். பிறகு அந்த ரேகைக்கு மேலே, தொடாமல், தன் விரலை நெடுநேரம் பிடித்திருக்கிறார்.