ஞானஸ்நானப் பெயர்

தன் பெயர் பொறித்த கல்லறையைக் கண்டதும் ஜெபஷீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிடைச்சிருச்சுண்ணே!" என்று கத்தினாள்.

கம்பம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வின் எட்டிப் பார்த்தார். "ஏந்தாயி, உசுரோட இருக்கிற மாமியா வீட்டுச் சொந்தத்தையே அவனவனுக்குத் தாங்க முடியல. நீ செத்தவுகளையும்ல தேடிப் பிடிக்கிற!"

அவள் சிரித்தாள். ஜெயமங்கலத்தில் மாரீஸ்வரியாகப் பிறந்தவள். ஜோஷ்வாவைக் காதலித்து, ஞானஸ்நானம் வாங்கி, ஜெபஷீலாவாக ஆலயப் படி ஏறினாள். பிறந்த வீடு தலைமுழுகிவிட, கட்டிய சேலையோடு வந்தவள்.

எஸ்தர் என்றுதான் போதகர் பெயர் சொன்னார். மாமியார் சாராள் விடவில்லை. "எம்மருமக பேரு ஜெபஷீலாதான். அது எங்க வம்சத்துப் பேரு" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவள் அந்த வீட்டில் காலூன்றினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், அந்த வம்சத்தைத் தேடுவதே பொழுதுபோக்கானது. ஆலயத்து அடக்கப் பதிவுகளைப் புரட்டினாள், கல்லறைகளைப் படமெடுத்தாள். தேனியும் போடியும் முடிந்தும் இன்னொரு ஜெபஷீலா மட்டும் அகப்படவில்லை.

"கம்பத்துல நமக்கு யாரும் இல்ல. கொஞ்ச நாளு கடை வச்சிருந்தோம், அம்புட்டுத்தான்" என்று ஜோஷ்வா சொல்லியிருந்தான். ஒரு ஊரை மட்டும் விட்டுவைக்க மனமில்லாமல், அவனிடம் சொல்லாமலே இன்று பஸ் ஏறிவிட்டாள்.

பெயருக்குக் கீழே பாசி படர்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். 'மறைவு: 2010' என்றிருந்தது. வம்சத்துப் பெரியவள் இல்லையா? இன்னும் கீழே தேய்த்தாள்.

'ஜோஷ்வாவின் அன்பு மனைவி.'

அவளுக்கும் ஜோஷ்வாவுக்கும் கல்யாணம் நடந்தது அதற்கு அடுத்த வருடம்.

"இது... எந்த ஜோஷ்வாண்ணே?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வச்சிருந்தாகளே, அவுக. கல்யாணமான சூட்டோட அந்தப் புள்ள காமாலையில போயிருச்சு. அதுக்கப்புறம் ஆத்தாளும் மகனும் தேனிக்குப் போயிட்டாக. நீ அவுகளுக்கு என்ன வேணும் தாயி?"

அவள் எழுந்து நடந்தாள்.

வீட்டில் சாராள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துல ஜெபஷீலாவைப் பாத்துட்டு வந்தேன் அத்தை."

சாராளின் கை நின்றது. "மறைச்சது தப்புத்தான் ஆத்தா. ரெண்டாந்தாரம்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"வந்திருப்பேன்! சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். ஆனா அவுக பேரை எதுக்கு எந்தலையில கட்டுனீக? இத்தன வருசமா அவரு என்னையவா கூப்புட்டாரு? ஒவ்வொரு தடவையும் அவுகளத்தான கூப்புட்டாரு!"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவுகள மறக்க முடியலைன்னா, அவுக நெனப்போடயே கெடக்க வேண்டியதுதான? நான் எதுக்கு?"

"அடிப் போடி! அவன் அந்த வருசமே மறந்துட்டான். எஸ்தரே இருக்கட்டும்மான்னுதான் அவனும் சொன்னான். இந்தப் பேரு எம்பிடிவாதம்."

"அப்ப நீங்கதான் அவுக மேல உசுரா இருந்தீகளா அத்தை?"

சாராள் அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

"அவ கொண்டாந்த பாத்திரம் பூராத்துலயும் அந்தப் பேரைத்தான வெட்டியிருந்துச்சு!"